சொல்லியும் மாறவில்லையா? வார்டில் ஃபீட்பேக் பழுதாகும் இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்), பி.ஜி.க்கள் (முதுநிலை மருத்துவ மாணவர்கள்), நர்சிங் மாணவர்கள் ஆகியோருக்கு வார்டில் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் அசிஸ்டென்ட் புரொஃபசரோ, சீனியர் பி.ஜி.யோ, கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரோ, சார்ஜ் சிஸ்டரோ, யாராக இருந்தாலும் சரி. ஃபீட்பேக், அதாவது மாணவர் செய்ததைப் பார்த்து நாம் சொல்கிற கருத்தும் திருத்தமும், ஏன் முக்கியம் என்ற பேச்சு இதில் இல்லை. சொன்ன ஃபீட்பேக் வேலை செய்யவில்லை என்றால் எங்கே கை வைத்துப் பார்ப்பது என்பது மட்டும்தான்.

உங்கள் வார்டில் தெரிகிற அறிகுறியைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எளிதில் தீரக்கூடிய காரணத்தை முதலிலும், மேலிடம் வரை போக வேண்டியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள். "இந்த பேட்ச்சே சரியில்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அவர் செய்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? சொன்ன பிறகு அதையே மறுபடி செய்யச் சொல்லிப் பார்த்தீர்களா? நான் பார்த்தவரை பெரும்பாலான பழுதுக்குக் காரணம் இந்த இரண்டில் ஒன்றுதான். மாணவரின் குணத்துக்கோ புத்திசாலித்தனத்துக்கோ போக வேண்டிய தேவை அபூர்வமாகத்தான் வருகிறது.

## எதற்கும் முன்னால்: நோயாளிக்கு இப்போது ஆபத்தா?

ஆபத்து என்றால் அது ஃபீட்பேக் நேரமே இல்லை. பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலை உடைத்து, கலக்காமல் நேராக ஐ.வி. லைனில் (ரத்தநாளத்துக்குப் போகும் குழாயில்) ஒரு மாணவர் ஏற்றப் போகிறார் என்று வையுங்கள். "நிறுத்துங்க, சிரிஞ்சைக் கீழே வைங்க." அவ்வளவுதான். காரணம், விளக்கம், கேள்வி எதுவும் வேண்டாம். வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குரல் உயர்ந்துவிட்டாலும் பரவாயில்லை, அந்த நேரத்தில் உயரத்தான் செய்யும்.

நோயாளி பத்திரம் என்று ஆன பிறகு, அதே நாளில், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். மருந்து உள்ளே போய்விட்டது என்றால் யூனிட் சீஃபுக்குத் தகவலும் மருத்துவமனையின் சம்பவப் பதிவும் கட்டாயம். அது வேறு வேலை, ஃபீட்பேக் வேறு வேலை. "இரு, உன் மேல ரிப்போர்ட் எழுதறேன்" என்று அந்தப் பதிவைத் தண்டனையாகக் காட்டினால், அடுத்த தவறு உங்கள் காதுக்கே வராது.

## அறிகுறி: சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதே தவறு திரும்ப வருகிறது

பி.பி. பார்ப்பதை எடுத்துக்கொள்கிறேன். கேஸ் ஷீட்டை (நோயாளியின் குறிப்பேட்டை) புரட்டினால் வரிசையாக 120/80, 130/80, 110/70. மாணவியைக் கூப்பிட்டு "ஒழுங்கா பார்த்து எழுதும்மா" என்கிறோம். மறுநாளும் 120/80. ஏன் என்று காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம்: சொன்னதில் செய்வதற்கு எதுவும் இல்லை. ஒழுங்கா, கவனமா, இன்னும் நல்லா: இந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு கையால் ஒன்றும் செய்ய முடியாது. இதைச் சரிபார்ப்பது சுலபம். நீங்கள் சொன்ன வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி, வார்டுக்குப் புதிதாக வந்த வேறொரு மாணவரிடம் கொடுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அவருக்குப் புரிகிறதா? புரியவில்லை என்றால் பழுது வாக்கியத்தில் இருக்கிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சட்டைக் கைக்கு மேலேயே கஃப் (பி.பி. பட்டை) கட்டிட்டீங்க. வெறும் கையில கட்டணும். நாடி பார்க்காமலே நேரா 200 வரைக்கும் ஏத்திட்டீங்க. மணிக்கட்டில் நாடி எங்கே மறையுதுன்னு பார்த்துட்டு, அதுக்கு மேல 30 ஏத்தினா போதும். இறக்கும்போது வால்வை ஒரேயடியாத் திறந்துட்டீங்க. நொடிக்கு 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது."

இதில் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எல்லாமே பார்த்தது, எல்லாமே கையால் மாற்றக்கூடியது.

அடுத்த காரணம்: ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். மேலே இருக்கிற வாக்கியங்களிலேயே மூன்று திருத்தம் இருக்கிறது. மூன்றும் சரிதான், ஆனால் ஒரே நேரத்தில் மூன்றையும் தலையில் வைத்துக்கொண்டு நோயாளியிடம் போக முடியாது. இன்றைக்கு ஒன்று. எது? எண்ணை அதிகம் கெடுப்பது எதுவோ அது. இந்த மாணவிக்கு நான் வால்வைத்தான் எடுப்பேன். வேகமாக இறக்கினால் மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு அதிகமாகவும் விழும். அப்படி விழுந்த எண்ணை நம்பாமல் மனதில் இருக்கிற 120/80-ஐயே அவர் எழுதிவிடுவார். வால்வு கைக்கு வந்துவிட்டால் மற்ற இரண்டையும் நாளைக்கும் நாளைன்றைக்கும் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: மறுபடி செய்ய வாய்ப்பே வரவில்லை. மாலை நாலு மணிக்குச் சொல்லிவிட்டுப் போனோம், மறுநாள் அவருக்கு வேறு வார்டு போஸ்டிங். இது யாருடைய குற்றமும் இல்லை, ஆனால் ஃபீட்பேக் அங்கேயே செத்துவிட்டது. சரிசெய்ய: ஐந்தாம் படுக்கையில் பார்த்ததை ஐந்தாம் படுக்கையை விட்டு நகர்ந்தவுடன் சொல்லுங்கள், ஆறாம் படுக்கையில் அவரையே செய்ய விடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகும். ரவுண்ட்ஸ் முழுக்க எல்லோருக்கும் இதைச் செய்ய முடியாது. ஒரு நாளைக்கு ஒரு மாணவர் என்று வைத்துக்கொண்டால் முடியும்.

நான்காவது: சரியாகச் செய்வதை அவர் பார்த்ததே இல்லை. வகுப்பில் ஸ்லைடு பார்த்திருப்பார், பொம்மை மேல் ஒருமுறை செய்திருப்பார். அப்படியென்றால் திருத்தம் சொல்லிப் பயனில்லை. முதலில் நீங்கள் பேசாமல் ஒருமுறை செய்து காட்டுங்கள். அடுத்து ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மூன்றாவது முறை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். எந்தப் படியை விடுகிறார் என்பது இங்கேதான் பளிச்சென்று தெரியும். நான்காவது முறை அவரே செய்யட்டும்.

ஐந்தாவது: வார்டே அப்படித்தான் செய்கிறது. ஒரு ஓரமாக நின்று மற்றவர்களைக் கவனியுங்கள். சீனியரும் ஸ்டாஃபும் சட்டைக் கை மேல்தான் கஃப் கட்டுகிறார்கள் என்றால், உங்கள் ஒரு வாக்கியம் அந்தக் கூட்டத்தை ஜெயிக்காது. பொருளையும் பாருங்கள். வார்டில் ஒரே அளவு கஃப்தான் இருக்கிறதா, அதன் வெல்க்ரோ ஒட்டுகிறதா? கஃபுக்குள் இருக்கும் காற்றுப்பை கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது வர வேண்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் எவ்வளவு திறமையானவர் பார்த்தாலும் எண் ஏறித்தான் காட்டும். கை சுத்தம் விஷயத்திலும் இதே கதைதான். ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) போட்டால் 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும், கட்டில் பக்கத்தில் இருக்கிற பாட்டில் காலியாக இருந்தால் என்ன பயன்? இந்த இடத்தில் மாணவரை விட்டுவிடுங்கள். சார்ஜ் சிஸ்டர், தொற்றுத் தடுப்பு நர்ஸ், யூனிட் சீஃப், இவர்களிடம் போக வேண்டிய விஷயம் இது.

கடைசியாக, மாணவரின் காது, கண், கை. மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தும் எண் மட்டும் சரியாக வரவில்லை என்றால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய டீச்சிங் ஸ்டெத்தை மாட்டி இருவரும் சேர்ந்து கேளுங்கள். உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிற சத்தம் அவருக்குக் கேட்கவில்லை என்றால் இ.என்.டி.க்கு அனுப்பிக் காது பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பெயர் ஒத்த மருந்துகளைத் தொடர்ந்து மாற்றி மாற்றி எழுதுகிறவர், ஊசி பிடிக்கும்போது கை நடுங்குகிறவர் இவர்களையும் திட்டுவதற்கு முன்னால் ஒரு மருத்துவர் பார்ப்பது நல்லது. நாமே மருத்துவர்கள்தான், ஆனால் நம்முடைய மாணவருக்கு நாமே சிகிச்சை பார்க்கக் கூடாது.

## அறிகுறி: "சரி மேடம்", "சரி சார்" என்று தலையாட்டுகிறார், உள்ளே எதுவும் போன மாதிரி இல்லை

முதலில் நீங்கள் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் ஊரில் "புரிஞ்சுது" என்பது மரியாதை, பதில் இல்லை. "அடுத்த நோயாளிகிட்ட போனதும் முதல்ல எதை மாத்தப் போறீங்க?" என்று கேளுங்கள். பதில் வந்தால் உள்ளே போயிருக்கிறது. வராவிட்டால் கீழே பாருங்கள்.

குறையைப் பாராட்டுகளுக்கு நடுவில் ஒளித்துவிட்டீர்களா? "நல்லா பண்றீங்க, ஹிஸ்டரி (நோயாளியிடம் நோய் விவரம் கேட்பது) மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க, மத்தபடி சூப்பர்." இதைக் கேட்டு அவர் சந்தோஷமாக டீ குடிக்கப் போய்விடுவார். 1983-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் எண்டே எழுதிய கட்டுரையில் இதைச் சுட்டிக் காட்டுகிறார். மாணவர் மனம் நோகுமே என்று ஆசிரியர் சுற்றி வளைக்கிறார், கேட்டால் குறை வருமே என்று மாணவரும் தோண்டிக் கேட்பதில்லை, கடைசியில் விஷயமே காணாமல் போய்விடுகிறது. பாராட்ட வேண்டியதைத் தனியாகப் பாராட்டுங்கள், அதிலும் என்ன செய்தார் என்று சொல்லிப் பாராட்டுங்கள். "அந்தப் பாட்டிக்குக் காது கேட்கலைன்னு தெரிஞ்சதும் கிட்ட உட்கார்ந்து பேசினீங்க, அதனாலதான் மருந்தை விட்டுவிட்டு இருந்தது வெளியே வந்துச்சு." திருத்த வேண்டியதைத் தனி வாக்கியமாக, "ஆனா" போடாமல் சொல்லுங்கள்.

மொழியையும் பாருங்கள். வகுப்பு ஆங்கிலத்தில், நோயாளி தமிழில், ஃபீட்பேக் மறுபடி ஆங்கிலத்தில். தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் எம்.பி.பி.எஸ். சேர்கிறார்கள். அவர்களில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். ரவுண்ட்ஸில் ஆங்கிலத்தில் தடுமாறுகிற ஒருவரை ஒன்றும் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே கேள்வியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். பதில் கடகடவென்று வந்தால் அவருக்குத் தேவைப்படுவது மருத்துவப் பாடம் இல்லை, கேஸ் பிரசென்ட் பண்ணப் பழக ஓர் இடம். ஒரு நண்பர் முன்னால் இரண்டு கேஸ் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்தவருக்கு இதே சிக்கல் தலைகீழாக இருக்கும். அவருக்கு ஹிஸ்டரி எடுக்கத் தமிழ் வேண்டும்.

கடைசியாக, பயம். உங்களிடம் மட்டும் இப்படி இருக்கிறாரா, எல்லோரிடமும் இப்படியா என்று சார்ஜ் சிஸ்டரிடம் விசாரியுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. உங்களிடம் மட்டும் என்றால் வேறொரு ஆசிரியரைச் சிலமுறை பேச விடுங்கள்.

## அறிகுறி: "எங்களுக்கு ஃபீட்பேக்கே கிடைக்கலை" என்று மாணவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்

தினமும் தொண்டை வற்றப் பேசுகிறோமே என்று ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். இரண்டு பேர் சொல்வதும் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். ரவுண்ட்ஸில் நாம் கேட்கிற கேள்விகளை மாணவர்கள் வைவா (வாய்மொழித் தேர்வு) என்று எடுத்துக்கொள்கிறார்கள். திருத்தம் சொல்வதைத் திட்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சமிருப்பதைப் பாடம் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

எளிய மருந்து: தொடங்கும்போதே இது ஃபீட்பேக் என்று பெயர் சொல்லுங்கள். "நீங்க கேனுலா (ரத்தநாளத்தில் போடும் சிறு குழாய்) போட்டதைப் பத்தி ஃபீட்பேக் சொல்றேன், ரெண்டு நிமிஷம்." இந்த ஒரு வாக்கியத்தால் ஒரு போஸ்டிங் முடிவதற்குள் புகார் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் குறையவில்லை என்றால், பார்க்காமல் சொல்கிறோமா என்று பாருங்கள். கேஸ் ஷீட்டில் எழுதியதை வைத்து ஹிஸ்டரி எடுத்த விதத்தைப் பற்றிச் சொல்கிறோம். லைன் வீங்கியிருப்பதை வைத்து கேனுலா போட்ட விதத்தைப் பற்றிச் சொல்கிறோம். மாணவருக்குத் தெரியும், நாம் அங்கே இல்லை என்று. நேரில் பார்த்துச் சொல்வதற்கு ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: 1990-களில் அமெரிக்காவில் உருவான மினி சி.இ.எக்ஸ். நோயாளியிடம் மாணவர் செய்கிற ஒரு சின்ன வேலையைக் கால் மணி நேரம் பார்க்கிறோம், உடனே சில நிமிடம் பேசுகிறோம், ஒரு படிவத்தில் குறிக்கிறோம். படிவம் இல்லாவிட்டாலும் குடி முழுகாது. கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் பார்ப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

யாருக்குமே நேரம் இல்லை என்பதுதான் காரணம் என்றால் அது பணிப் பங்கீட்டுப் பிரச்சினை. கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவிடமும் துறைத் தலைவரிடமும் எடுத்துப் போங்கள். தனி ஆசிரியர் தன் மதிய உணவை விட்டுக் கொடுத்துச் சரிசெய்கிற விஷயம் இல்லை இது.

## அறிகுறி: அழுகிறார், அல்லது உறைந்து போகிறார்

முதலில் பேச்சை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுங்கள், உட்கார வையுங்கள். "இன்னைக்கு இது போதும், நாளைக்குப் பேசலாம், நேரம் நீங்களே சொல்லுங்க." கண்ணீரோடு நிற்கிறவரிடம் மிச்சத்தையும் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஒன்றும் ஏறாது. அதே சமயம் "சரி விடுங்க, ஒண்ணும் இல்லை" என்று சொன்ன திருத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். திருத்தம் அப்படியே இருக்கிறது, பேசும் நேரம் மட்டும் மாறுகிறது.

அப்புறம் காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

இடம். நோயாளியின் முன்னால் சொன்னீர்களா? மாணவருக்கு அவமானம் என்பதோடு முடிவதில்லை. மறுநாள் அதே மாணவி ரத்தம் எடுக்கப் போனால் நோயாளியின் மகன் "அந்தப் பாப்பா வேண்டாம், பெரிய டாக்டரை வரச் சொல்லுங்க" என்பார். அவர் கற்றுக்கொள்ள இருந்த வாய்ப்பை நாமே அடைத்துவிட்டோம். ட்ரீட்மென்ட் ரூம், படிக்கட்டு ஓரம், வராண்டாவின் கோடி, எங்கேயாவது நாலு அடி தள்ளிப் போனால் போதும். ஆனால் ஆண் ஆசிரியர் மாணவியைக் கதவு மூடிய அறைக்குள் கூப்பிட வேண்டாம். மற்றவர் கண்ணில் படுகிற, காதில் விழாத இடம் நல்லது.

நேரம். 24 மணி நேர டியூட்டி முடித்து நிற்கிறவரிடம் எதையும் சொல்லாதீர்கள். "சாப்பிட்டீங்களா, எப்போ தூங்கினீங்க?" என்று முதலில் கேளுங்கள்.

சொன்ன சொல். செய்ததைப் பற்றிச் சொன்னீர்களா, ஆளைப் பற்றிச் சொன்னீர்களா? "நீயெல்லாம் எப்படி டாக்டர் ஆகப் போறே", "உன் பேட்ச்மேட்டைப் பாரு", "எந்த காலேஜ்ல படிச்சே" போன்றவை ஃபீட்பேக் கணக்கில் வராது. 1996-இல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஃபீட்பேக் பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவற்றில் ஃபீட்பேக் கொடுத்த பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து நகர்ந்து "நான் எப்படிப்பட்டவன்" என்ற இடத்துக்குப் போகப் போகப் பலன் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. நம் வார்டுகளில் இது தினமும் நடக்கிறது. "திட்டினாத்தான் உறைக்கும், நாங்களும் இப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்று சொல்கிற சீனியர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது தவறு. திட்டு வாங்கியவருக்குத் திட்டு மட்டும்தான் நினைவிருக்கும். கஃபை எப்படிக் கட்டுவது என்பது நினைவிருக்காது.

இடம், நேரம், சொல் மூன்றும் சரியாக இருந்தும் அழுதார் என்றால், பாரம் வேறெங்கோ இருக்கிறது. வீட்டுச் சிக்கல், கடன், பரீட்சைத் தோல்வி, ஹாஸ்டல், உடல்நிலை, எதுவாகவும் இருக்கலாம். துருவித் துருவிக் கேட்காதீர்கள். "யாரிடமாவது பேசினா நல்லா இருக்குமா?" என்று கேட்டு, கல்லூரியில் அவருக்கான மென்ட்டரிடம் அவர் சம்மதத்தோடு இணையுங்கள்.

உடனே வேறொருவரை அழைக்க வேண்டிய கட்டம்: "இருந்து என்ன பிரயோஜனம்", "செத்துடலாம்னு இருக்கு" என்று எந்தத் தொனியில் சொன்னாலும், சிரித்துக்கொண்டே சொன்னாலும், அவரைத் தனியாக விடாதீர்கள். டியூட்டியில் இருக்கும் மனநல மருத்துவரை அப்போதே கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. சீனியர் ஒருவர் ஃபீட்பேக் என்ற பெயரில் தொடர்ந்து இழிவுபடுத்துகிறார் என்று தெரிய வந்தால் அது ராகிங் தடுப்புக் குழுவுக்குப் போக வேண்டியது. பாலியல் சீண்டல் என்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தின்படி அமைந்த புகார்க் குழுவுக்கு. இந்த இரண்டையும் "நானே பேசிச் சமாதானம் பண்ணிடறேன்" என்று கையில் எடுக்காதீர்கள்.

## அறிகுறி: எதிர்த்து வாதாடுகிறார்

"சீனியர்தான் அப்படிச் செய்யச் சொன்னாங்க." "நான் அப்படிப் பண்ணவே இல்லை சார்." கேட்டவுடன் நமக்கு ரத்தம் ஏறும். ஆனால் முதல் சோதனை நம் பக்கம்தான். நீங்கள் பார்த்தீர்களா, அல்லது யாரோ சொன்னதா? சொல்லக் கேட்டது என்றால் அங்கேயே நிறுத்தி, "அடுத்த தடவை நான் கூட வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அதைச் செய்யுங்கள்.

பார்த்ததுதான் என்றால் அவர் என்ன நினைத்து அப்படிச் செய்தார் என்று கேளுங்கள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேளுங்கள், மடக்குவதற்காக இல்லை. நாற்பது கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு ஹவுஸ் சர்ஜன் ஐ.வி. பாராசிட்டமால் 600 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். பெரியவர்களுக்கு ஒரு கிராம்தானே, ஏன் குறைத்தாய் என்று கேட்கத் தோன்றும். "ஐம்பது கிலோவுக்குக் கீழே இருந்தா கிலோவுக்கு 15 மில்லிகிராம் சார், அதான்" என்கிறார். அவர் சொல்வதுதான் சரி. அப்போது "ஆமாம், நீங்க எடை பார்த்துப் போட்டது சரி" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அப்படிச் சொன்னவர் நாளைக்குச் சொல்கிற திருத்தத்தை அந்த பேட்ச் முழுக்கக் கேட்கும்.

அவர் நினைத்தது தவறு என்றால், தவறு எந்த இடத்தில் நுழைந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் திருத்தினால் போதும். சீனியர் உண்மையிலேயே அப்படிச் சொல்லியிருந்தால் சீனியரிடம் தனியாகப் பேசுங்கள். ஜூனியரை நடுவில் நிறுத்தாதீர்கள். இரண்டு யூனிட்டுகள் இரண்டு முறை வைத்திருக்கின்றன என்றால் மாணவரிடம் அதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லி, இந்த யூனிட்டில் எது என்று தெளிவாக்கிவிடுங்கள்.

எல்லா ஆசிரியரிடமும், எல்லா விஷயத்திலும், நேரில் பார்த்துச் சொன்ன பிறகும் மறுக்கிறார், நோயாளியின் பாதுகாப்பும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்றால் யூனிட் சீஃப் முன்னிலையில் பேச வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

## அறிகுறி: நன்றாகச் செய்கிறவர் அதே இடத்தில் நின்றுவிட்டார்

காரணம் ஒன்றுதான்: அவரிடம் "குட், கீப் இட் அப்" தவிர யாரும் எதுவும் சொல்வதில்லை. திருத்த ஒன்றும் இல்லாவிட்டால் அடுத்த படியைக் கொடுங்கள். கேஸை நன்றாகச் சொல்கிறார் என்றால் டிஃபரென்ஷியல் (இருக்கக்கூடிய நோய்கள்) மூன்றில் எதை முதலில் விலக்குவார், எந்தப் பரிசோதனையும் இல்லாமல் எதை விலக்குவார் என்று கேளுங்கள். கேனுலா கைவந்துவிட்டது என்றால் ஜூனியருக்குச் சொல்லிக் கொடுக்க விட்டு, சொல்லிக் கொடுத்த விதத்துக்கு ஃபீட்பேக் கொடுங்கள்.

## அறிகுறி: லாக் புக் முழுக்க "குட்", கையெழுத்து எல்லாம் ஒரே மையில்

போஸ்டிங் கடைசி நாளில் நாற்பது லாக் புக் (மாணவர் செய்த வேலைகளின் பதிவேடு) மேஜைக்கு வந்தால் வேறென்ன நடக்கும். இதை யாருடைய நேர்மை மேலும் போட முடியாது, வேலையின் அமைப்பு அப்படி. இருந்தாலும் 2019-இல் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வந்த திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தின் லாக் புக்கில் நமக்கு உதவக்கூடிய கட்டங்கள் இருக்கின்றன. எதிர்பார்த்ததை விடக் குறைவு, எதிர்பார்த்த அளவு, அதற்கும் மேல் என்று ஒரு கட்டம். முடிந்தது, மறுபடி செய்ய வேண்டும், குறைநீக்கப் பயிற்சி வேண்டும் என்று இன்னொரு கட்டம். கடைசியில், ஃபீட்பேக் கிடைத்தது என்று மாணவர் கையெழுத்துப் போட ஒரு கட்டம்.

கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். அந்தக் கையெழுத்தைப் போடும்போது என்ன ஃபீட்பேக் கிடைத்தது என்று அவரால் ஒரு வரி சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம். "மறுபடி செய்ய வேண்டும்" என்று குறிக்கத் தயங்காதீர்கள், அது ஃபெயில் இல்லை என்பதை முதல் நாளிலேயே பேட்ச்சுக்குச் சொல்லிவிடுங்கள். செய்த அன்றே கையெழுத்து என்ற வழக்கத்தைக் கொண்டுவர முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதற்குத் துறை மொத்தமும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் கறாராக இருந்தால் மாணவர்கள் பக்கத்து மேஜைக்குப் போய்விடுவார்கள்.

## மேலிடத்துக்குக் கொண்டுபோகும்போது கையில் இருக்க வேண்டியது

துறைத் தலைவரிடமோ மருத்துவக் கல்விப் பிரிவிடமோ போகும்போது "அவர் அட்டிட்யூட் சரியில்லை" என்று போகாதீர்கள். அங்கே யாராலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரே ஒரு தாள் போதும். எந்தத் தேதியில், எந்த வேலையில், என்ன பார்த்தீர்கள். என்ன சொன்னீர்கள், அதே வார்த்தைகளில். மறுபடி எப்போது செய்ய விட்டீர்கள், அப்போது என்ன பார்த்தீர்கள். காது, மொழி, தூக்கம், வார்டின் பழக்கம் ஆகியவற்றில் எதையெல்லாம் பார்த்து விலக்கினீர்கள். வேறு ஒரு ஆசிரியரும் தனியாகப் பார்த்திருந்தால் அவர் குறிப்பும் கூட இருக்கட்டும். உடல்நிலை, குடும்ப விவரம் எதையும் அந்தத் தாளில் எழுதக் கூடாது. அவை மருத்துவரிடமும் மென்ட்டரிடமும் நிற்க வேண்டியவை. தாளைக் கொடுப்பதற்கு முன்னால் மாணவரைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுங்கள். அவர் தன் பக்கத்தை எழுத விரும்பினால் கீழே இடம் விடுங்கள், ஒரு நகலை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.